கன்றிடமிருந்து வந்த படர்தாமரையும் திங்கள் வியாழன் வைத்தியமும்

கடிதத்தின் சுருக்கம்

அயர்லாந்தின் எல்லையோர மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். காவிரிப் படுகைக் கிராமத்தில் வளர்ந்தவர். கணவர் அங்கே ஒரு பால் பண்ணையில் மாடுகளைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறார். பண்ணைக்குள்ளேயே குடியிருக்க ஒரு சிறிய வீடு கொடுத்திருக்கிறார்கள். ஆறு வயதில் ஒரு மகன். இவர் இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி.

மகன் பள்ளிவிட்டு வந்தால் கன்றுக் கொட்டகையில்தான் இருப்பான். மூன்று வாரங்களுக்கு முன் அவன் முன்கையில் வட்டமாக ஒரு படை வந்தது. பிறகு உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி கொட்டியது. இப்போது அந்த இடம் வீங்கி, தொட்டால் கொழகொழவென்று, சீழ் கசிகிறது. ஊரிலிருந்து வந்த ஒரு தோல் களிம்பை இவர் தடவியிருக்கிறார். இரண்டு நாள் அரிப்பு அடங்கி, பின் படை முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. மாமியார் சீமையகத்தி இலைத் தைலம் அனுப்புவதாகச் சொல்கிறார்.

பண்ணைக்காரரின் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். இவர்கள் குடும்பமே அவரைப் பாட்டி என்றுதான் அழைக்கிறது. ஏழு மைல் தொலைவில் படர்தாமரைக்குக் ‘கியூர்’ (குணமாக்கும் வரம்) உள்ள ஒருவர் இருக்கிறார், ஏழாவது மகனாகப் பிறந்தவர், திங்கள், வியாழன், மறுபடி திங்கள் என்று மூன்று முறை போக வேண்டும், பணம் கொடுக்கக் கூடாது, நன்றியும் சொல்லக் கூடாது, மூன்று முறையும் முடியும்வரை வேறு மருந்து போடக் கூடாது என்கிறார் பாட்டி. கணவர், “ஐரோப்பாவுக்கு வந்துமா மந்திரிப்பு?” என்று கோபப்படுகிறார். மறுத்தால் பாட்டி மனம் நோகும், வேலைக்கும் வீட்டுக்கும் பாதகம் வருமோ என்று இவருக்கு அச்சம். கிறிஸ்தவப் பிரார்த்தனைக்குப் பிள்ளையைக் கொண்டுபோனால் நம் சாமிக்கு ஆகாதோ என்றும் கேட்கிறார். கழிச்சலில் கிடக்கும் கன்றுக்குச் சாராயம் புகட்டவும், படுத்துவிட்ட மாட்டின் வாலைக் கீறிப் பூண்டு வைக்கவும் பாட்டி இவருடைய கணவரிடம் சொல்வதாகவும், மாட்டுக்கு ஏதாவது ஆனால் பழி யார் தலையில் விழும் என்றும் கேட்டிருக்கிறார்.

இடையே சில செய்திகள். பாட்டி தினமும் ஒரு குவளை காய்ச்சாத பால் தருகிறார். தாயை இழந்த ஆட்டுக்குட்டி ஒன்று பாட்டியின் அடுப்படியில் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. அதற்குப் புட்டிப்பால் கொடுப்பவர் இவர்தான். முதுகுவலிக்குக் கம்ஃப்ரே இலைத் தேநீர் குடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீங்கள் கேட்ட கேள்விகள் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை, நீங்கள் எதுவும் கேட்காமல் எழுதிச் சென்ற வரிகளில் நின்றுவிட்டேன்: களிம்பு, பால், ஆட்டுக்குட்டி, தேநீர். உங்களுக்குப் பயம் ஏழு மைல் தள்ளியிருக்கும் முதியவரின் பிரார்த்தனை மீது. அந்தப் பிரார்த்தனையால் உங்கள் மகனுக்கு ஒரு கெடுதலும் வராது. உங்கள் வீட்டுக்குள்ளும் பாட்டியின் அடுப்படியிலும் இருப்பவைதான் எனக்குக் கவலை தருகின்றன.

நானும் அந்தப் பக்கத்தில் பல ஆண்டுகள் குடும்ப மருத்துவராக இருந்தவள். என்னிடம் வந்த விவசாயிகளில் பாதிப் பேர் ‘கியூர்’ உள்ளவரைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள்; மீதிப் பேர் என்னைப் பார்த்த பிறகு போவார்கள். அதனால் உங்கள் பாட்டியின் குரல் எனக்குப் பழகிய குரல்.

முதலில் மகனின் தலை

‘ரிங்வோர்ம்’ என்ற ஆங்கிலப் பெயரில் புழு இருப்பதால் இது ஏதோ புழுவின் வேலை என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். புழு கிடையாது, பூஞ்சை. கன்றுகளின் கண்ணைச் சுற்றியும் காதிலும் கழுத்திலும் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கிறது என்றீர்களே, அதே பூஞ்சைதான். ட்ரைக்கோஃபைட்டான் வெருகோசம் என்பது அதன் பெயர். மாட்டுக்குப் பழகிய இந்தப் பூஞ்சை மனிதத் தோலில் ஏறும்போது நம் உடல் கடுமையாக எதிர்க்கும். அதனால்தான் இப்படி வீங்கிச் சீழ் கோத்த மேடாகிறது. மருத்துவத்தில் கீரியன் என்பார்கள். பார்ப்பதற்குக் கட்டி போலவே இருக்கும். ஆனால் இதைக் கீறக் கூடாது, பிதுக்கக் கூடாது.

தலையில் வந்த படர்தாமரைக்கு மேற்பூச்சு மட்டும் போதாது. பூஞ்சை முடியின் வேருக்குள் இறங்கியிருக்கும். களிம்பு அங்கே எட்டாது. வாய்வழி மருந்து வேண்டும். மருத்துவர் நாலைந்து முடியையும் கொஞ்சம் பொருக்கையும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். மாட்டுப் பூஞ்சை என்றால் பெரும்பாலும் டெர்பினஃபின் மாத்திரையை எடைக்கேற்ற அளவில் சில வாரங்கள் தருவார்கள். வீக்கம் இந்த அளவுக்கு இருப்பதால் முடிவு வரும்வரை காத்திராமலே தொடங்கவும் கூடும். நாள் தள்ளினால் என்ன ஆகும் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: வேர்கள் தழும்பாகி, அந்த இடத்தில் வாழ்நாள் முழுவதும் முடி முளைக்காமல் போகலாம். திங்கள், வியாழன், திங்கள் என்று எட்டு நாள் வெறுமனே காத்திருக்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அயர்லாந்தில் வசிக்கும் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் குடும்ப மருத்துவரைப் பார்ப்பது இலவசம். 2023 ஆகஸ்டிலிருந்து ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அந்த அட்டை எடுத்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. எடுக்கவில்லையென்றால் விண்ணப்பியுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருந்து மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்து தொடங்கிவிட்டால் பள்ளிக்கும் போகலாம். சீப்பு, துண்டு, தொப்பி, தலையணை உறை மட்டும் அவனுக்கென்று தனியாக இருக்கட்டும்.

இனி அந்தக் களிம்பு. இரண்டு நாள் அரிப்பு அடங்கி, பிறகு படை பெரிதானது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்பதே என் ஊகம். நம் ஊர் மருந்துக் கடைகளில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து, சீட்டு இல்லாமலே கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டமாகிவிடும். வட்டத்தின் ஓரம் அழிந்து, பார்த்ததும் படர்தாமரை என்று சொல்ல முடியாத உருவத்துக்கு மாறிவிடும். தாயாக நீங்கள் செய்தது இயல்பான காரியம். இதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். இன்றோடு நிறுத்திவிடுங்கள், குழாயைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியார் சொல்லும் சீமையகத்திக்கு வண்டுகொல்லி என்றும் பெயர் உண்டு. அதன் இலைச்சாற்றுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் தன்மை இருக்கிறது. கையில் மெல்லிய படை மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு கண்டிப்பாக எழுத மாட்டேன். புண்ணாகித் திறந்திருக்கும் தலையில் எந்தத் தைலமும் வேண்டாம்.

அந்தப் பெரியவரிடம் போகலாமா?

போகலாம், மருந்தோடு போவதென்றால். அதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு அந்த வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் கணவரும் இதைப் படித்தால் நல்லது.

‘அவரிடம் கியூர் இருக்கிறது’ என்று அங்கே சொல்வது ஒட்டுமொத்த வைத்தியரை அல்ல. ஒருவரிடம் பெரும்பாலும் ஒரு நோய்க்கான கியூர் மட்டும்தான் இருக்கும்: ஒருவரிடம் தீப்புண்ணுக்கு, இன்னொருவரிடம் சுளுக்குக்கு, மற்றொருவரிடம் மருவுக்கு. சிலருக்கு அது பரம்பரையாக வரும். சிலருக்குப் பிறப்பின் விதத்தால் வரும். தந்தை இறந்த பிறகு பிறந்தவர் குழந்தையின் வாயில் ஊதினால் வாய்ப்புண் ஆறும் என்பார்கள். பிறந்த குடும்பப் பெயரும் புகுந்த குடும்பப் பெயரும் ஒன்றாகவே அமைந்த பெண்ணின் கையால் ரொட்டி வாங்கிக் கொடுத்தால் கக்குவான் போகும் என்பார்கள். கக்குவானுக்குப் பிள்ளையைக் கழுதையின் வயிற்றுக்கடியில் மூன்று முறை நுழைத்து எடுப்பதும் உண்டு. ஏழாவது மகன் பிறந்ததும் அவன் கையில் ஒரு மண்புழுவை வைத்துப் பார்ப்பார்கள். புழு செத்தால் அவனுக்குப் படர்தாமரைக் கியூர் இருக்கிறது என்று நம்பிக்கை. அந்தக் கையைத்தான் உங்கள் பாட்டி நம்புகிறார்.

1937 முதல் 1939 வரை அயர்லாந்து நாட்டுப்புறவியல் ஆணையம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பி, பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பிள்ளைகள் எழுதினார்கள். மனிதருக்கும் மாட்டுக்குமான மருத்துவம் அந்த ஏடுகளில் ஊர் ஊராகக் கிடக்கிறது. படிக்கும்போது என் மனத்தில் நிற்பது மருந்துகளைவிட அந்த வீடுகளின் நிலைமைதான்: மருத்துவரை அழைக்கக் காசில்லை, கால்நடை மருத்துவர் பக்கத்தில் இல்லை, ஒரே பசு செத்தால் அந்த வருட வாடகை போயிற்று. கிளேர் மாவட்டத்தில் 1874-ல் இறந்த பிடி எர்லி என்ற நாட்டு வைத்தியச்சியிடம் தங்களுக்கு மட்டுமல்ல, பசுவுக்கும் வெண்ணெய்க்கும் சேர்த்தே ஜனங்கள் வழி கேட்டுப் போனார்கள். அவர் மீது சூனியக் குற்றம் சாட்டி என்னிஸ் நகர நீதிமன்றத்தில் நிறுத்தியும், எதிராகச் சாட்சி சொல்ல ஆள் வரவில்லை என்று இன்றும் சொல்கிறார்கள்.

நம் ஊரில் அக்கி வந்தால் குயவரிடம் போய் அக்கி எழுதிக்கொள்வோம் அல்லவா? செங்காவியைக் குழைத்துச் சிங்கம் வரைவார்கள். உங்கள் கணவர் பக்கத்திலும் யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். அயர்லாந்தில் அதே அக்கிக்கு, கியோ என்ற குடும்பப் பெயர் உள்ளவரின் இரத்தத்தில் ஒரு துளி தடவினால் போதும் என்ற நம்பிக்கை இருந்தது. இரத்தம் மட்டும் வேண்டாம், எச்சரிக்கிறேன். வேறொருவர் இரத்தம் தோலில் படுவது இன்று எந்தக் காரணத்துக்கும் சரியில்லை.

அப்படியென்றால் கியூர் பலிப்பதாக ஏன் தோன்றுகிறது? அக்கி இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் தானே காயும். மருக்கள் பல தானே உதிரும். கன்றுகளின் படர்தாமரையும் சில மாதங்களில் தானே ஆறும். குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நெருக்கியடித்து நிற்கும்போது பரவும். வசந்தத்தில் புல்வெளிக்கு விரட்டி வெயில் பட்டதும் மறையும். மார்ச்சில் கியூர் செய்து மே மாதத்தில் கன்று பளபளப்பாக நின்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? பாட்டி பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். உங்கள் மகனின் தலைக்கு மட்டும் அந்தக் கணக்கு ஒத்துவராது. அவன் தலை தானே ஆறினாலும் தழும்போடு ஆறக் கூடும்.

என்னிடம் ஒரு விவசாயி வந்தார். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் அக்கிக் கொப்புளங்கள். மூக்கு நுனியில் வந்தால் கண்ணுக்கும் வரும் வாய்ப்பு மிக அதிகம். அதற்கான மருந்தை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன். அவர் மூன்று முறை கியூரை முடித்துவிட்டு ஒன்பதாம் நாள் வந்தார். அந்தக் கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அவருக்குக் கியூர் செய்த அம்மாள் பிறகு என்னைத் தேடி வந்து அழுதார். “மருத்துவரிடம் போகாதே என்று நான் சொல்லவே இல்லையே” என்றார். உண்மை. அப்படிச் சொன்னது அக்கம்பக்கத்தார்.

உங்கள் வீட்டிலும் ‘வேறு மருந்து போடக் கூடாது’ என்றது பாட்டி. அந்தப் பெரியவர் அப்படிச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவரிடமே கேளுங்கள். நான் அறிந்த பலர் மருத்துவரையும் பார் என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். அப்படியும் மருந்தை நிறுத்தச் சொன்னால், பணிவாக எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளையின் வாய்க்குள் எதையாவது கொடுத்தாலோ, புண்ணில் எதையாவது தடவ வந்தாலோ வேண்டாம் என்று சொல்லலாம். தொடுவதும் சிலுவைக்குறி போடுவதும் பிரார்த்திப்பதும் என்றால் தாராளமாக நடக்கட்டும்.

மதம் பற்றிக் கேட்டீர்கள். இது ஞானஸ்நானம் அல்ல. போகிறவர் என்ன மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எல்லையோர மாவட்டங்களில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் ஒரே வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போய்வரும் பூமியில் வளர்ந்த உங்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

போஹோ மண்ணைப் பற்றிப் பாட்டி சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். ஃபெர்மானா மாவட்டத்தில் போஹோ என்ற ஊர்க் கோவில் கல்லறைத் தோட்டத்தில் 1815-ல் அடக்கமான பாதிரியார் ஜேம்ஸ் மெக்கிர், தன்னை மூடும் மண் தான் குணப்படுத்தியதையெல்லாம் குணப்படுத்தும் என்று சொல்லிவிட்டுப் போனதாக வழக்கு. 2018-ல் சுவான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பகுதி மண்ணில் ஒரு புதிய ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவைக் கண்டார்கள், எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ளிட்ட, மருந்துக்கு அடங்காத சில கிருமிகளின் வளர்ச்சியை அது ஆய்வகத் தட்டில் தடுத்தது. கேட்கவே மகிழ்ச்சியான செய்தி. ஆனால் தட்டில் நடந்தது மண்ணை அள்ளிப் புண்ணில் பூசினால் நடக்காது. ஏற்புஜன்னி முதலான கிருமிகளும் மண்ணில் உண்டு. அந்த ஊர் வழக்கமே மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடுவதுதான். பாட்டி கொண்டுவந்தால் அப்படியே செய்யுங்கள்.

பாட்டியின் அடுப்படி

இந்தப் பகுதிதான் அவசரம், கவனமாகப் படியுங்கள்.

பால்: நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் யார் குடித்திருக்கிறோம்? பாட்டி ‘காய்ச்சினால் சத்து போய்விடும்’ என்றதும் அந்த ஊர் வழக்கம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவின் வழக்கம்தான் சரி. காய்ச்சாத பாலில் லிஸ்டீரியா இருந்தால் உங்களுக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து, வயிற்றுப் பிள்ளையைப் பறித்துவிடக் கூடும். மாட்டுக் காசநோயை ஒழிக்க அயர்லாந்து 1954 முதல் போராடுகிறது, இன்னும் ஒழியவில்லை. ஈ-கோலை வகையில் ஒன்று சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே உங்கள் பாலும் மகனின் பாலும் பொங்கி வரும்வரை காயட்டும். இருமலுக்குப் பாட்டி தரும் காரகீன் கடற்பாசிப் பாலைத் தடுக்கமாட்டேன்; அது பாலோடு சேர்த்து நன்றாகக் கொதிக்க வைத்து வடிகட்டுவது. ஒரே பாட்டி, ஒரே பசு, ஒரே பால், கொதித்தது நல்லது.

ஆட்டுக்குட்டி: இன்றிலிருந்து வேறு யாராவது புட்டி கொடுக்கட்டும். குட்டி ஈனும் காலத்தில் ஆடுகளிடமிருந்து கருச்சிதைவை உண்டாக்கும் கிளமிடியா கிருமியும், டாக்சோபிளாஸ்மாவும், லிஸ்டீரியாவும் கர்ப்பிணிக்குத் தொற்றலாம். புதுக்குட்டி, நஞ்சுக்கொடி, ஈன்ற இடத்து வைக்கோல், அந்த வேலைக்குப் போட்ட உடை, காலணி எதையும் நீங்கள் தொடக் கூடாது. கணவரின் வேலை உடுப்பை அவரே துவைக்கட்டும். இதுவரை தொட்டுவிட்டோமே என்று பதற வேண்டாம். தொட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அடுத்த மகப்பேறு பரிசோதனையில் கட்டாயம் சொல்லுங்கள். நடுவில் காய்ச்சல், உடல்வலி, குளிர் வந்தால் ‘ஆட்டுக்குட்டியோடு இருந்தேன், கர்ப்பிணி’ என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கம்ஃப்ரே: அங்கே சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் தலைமுறை தலைமுறையாக அரைத்துக் கட்டிய இலை. மேலே கட்டியதால்தான் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே போனால் அதிலுள்ள நச்சு கல்லீரலைக் கெடுக்கும். தேநீரை இப்போதே நிறுத்துங்கள். கர்ப்ப காலத்தில் மேற்பூச்சாகவும் வேண்டாம். எத்தனை நாள், எவ்வளவு குடித்தீர்கள் என்று மருத்துவரிடம் சொன்னால், தேவையெனில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார். மூலிகை என்றாலே கர்ப்பிணிக்குத் தீங்கில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதே வேலியோரத்தில் பூக்கும் ஃபாக்ஸ்குளோவும் மூலிகைதான், இதயத்தையே நிறுத்திவிடும்.

ஜனவரி 31 இரவு பாட்டி புதரில் தொங்கவிட்டு, அயர்லாந்தின் புனிதரான பிரிஜித் தொட்டதாக எடுத்து வைத்திருக்கும் துணியைத் தலைவலிக்குப் பிள்ளையின் தலையில் போட்டதாக எழுதியிருந்தீர்கள். கன்று ஈனும் பசுவின் முதுகிலும் அதைத்தான் போடுவார்கள். அதில் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை: இப்போதைக்கு அது அவன் தலையில் பட வேண்டாம், தலையணைக்கடியில் இருக்கட்டும். பூஞ்சை துணி வழியாகவும் போகும். அடுத்த தலை பாட்டியின் பேரப்பிள்ளையுடையதாக இருக்கலாம்.

தொழுவத்தில் உங்கள் கணவர்

கழிச்சலில் கிடக்கும் கன்று பெரும்பாலும் நீரும் உப்பும் வற்றித்தான் சாகிறது. எலக்ட்ரோலைட் கரைசலைப் பாலுக்கு இடையிடையே இரண்டு லிட்டர் வீதம் கொடுத்து, உடம்பைச் சூடாக வைப்பதுதான் முதல் உதவி. எழுந்து நிற்காத, உறிஞ்சாத கன்றுக்கு ஊசிவழி நீர் ஏற்ற வேண்டும். கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பாட்டி சொல்லும் சாராயம் அந்த நாட்டில் வீட்டில் வடிக்கும் பொச்சீன். ஒரு மணி நேரம் கன்று முறுக்கேறியது போல் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் கரைசல் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும்.

வாலைக் கீறிப் பூண்டு வைப்பது மிகப் பழைய வழக்கம். மாடு எழ முடியாமல் படுத்தால் வாலெலும்பின் மெத்தென்ற பகுதியைத் தடவிப் பார்த்து ‘வாலில் புழு’ என்று சொல்லி, கீறி, பூண்டும் உப்பும் வைத்துக் கட்டுவார்கள். அந்த மெத்தென்ற இடம் எல்லா மாட்டுக்கும் உண்டு. ஈன்ற பசு படுத்துவிட்டால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு; கால்நடை மருத்துவர் இரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றினால் சில நேரம் அவர் புறப்படுவதற்குள்ளேயே எழுந்து நிற்கும். கணவர் கத்தியைக் கையில் எடுக்கவே கூடாது. அயர்லாந்தின் 2013-ஆம் ஆண்டு கால்நடைச் சுகாதார, நலச் சட்டம் மாட்டின் உரிமையாளரை மட்டுமல்ல, அதைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்தும். ‘பாட்டி சொன்னார்’ என்பது விடையாகாது. மாடு படுத்திருக்கிறது, கால்நடை மருத்துவரை அழைக்கட்டுமா என்று பண்ணைக்காரருக்குக் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பிவிடட்டும். எழுத்தில் இருந்தால் அவருக்கும் நிம்மதி. கடையில் வாங்கிய எந்த மருந்து போட்டாலும் பதிவேட்டில் எழுதி, பால் கறந்து விற்கக் கூடாத நாள்களையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

குளம்பழுகலுக்கு மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசல் மாட்டுக்குச் சரி. செம்மறியாட்டுக்குத் தாமிரம் சிறிது கூடினாலும் நஞ்சு. மாட்டின் குளம்புத் தொட்டியில் மிஞ்சியதை ஆடு குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படர்தாமரைக்குக் கொட்டகை உத்திரத்தில் ஹாலி என்ற முள்ளிலை மரத்தின் கொத்து கட்டியிருக்கிறார்கள் என்றீர்கள். தொங்கட்டும். பழைய இன்ஜின் எண்ணெய் தடவுவது மட்டும் வேண்டாம். மாடு நக்கும், தோலும் வேகும். கால்நடை மருத்துவர் பூஞ்சைக்கொல்லிக் கழுவுநீர் தருவார், தடுப்பூசியும் இருக்கிறது. பூஞ்சை வித்துகள் மரத்தூண்களில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் கொட்டகையைக் கழுவாமல் விட்டால் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி வரும். கணவர் கையுறை போடட்டும். மகன் இப்போதைக்குக் கன்றுகளைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நின்று பார்க்கட்டும். கணவருக்கு எப்போதாவது கடுங்காய்ச்சலும் தலைவலியும் வந்தால் ‘பால் கறக்கிறவன்’ என்று சொல்லச் சொல்லுங்கள். மாட்டு மூத்திரம் தெறித்து எலிக்காய்ச்சல் வருவது கறவைக்காரர்களுக்கு உள்ள ஆபத்து.

வேலை பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வீடும் வேலை அனுமதிச் சீட்டும் ஒரே ஆளிடம் இருக்கும்போது பயம் இயல்பு. ஆனால் உங்கள் பிள்ளைக்கு என்ன வைத்தியம் என்பது பண்ணை வேலையின் பகுதி அல்ல. 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒன்பது மாதம் முடித்தவர் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வேறு முதலாளியிடம் மாறவும் வழி இருக்கிறது. உண்மையிலேயே மிரட்டல் வந்தால் பணியிட உறவுகள் ஆணையத்தில் விவரம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது மிரட்டுகிற குடும்பத்தை அல்ல, அன்பால் தொந்தரவு செய்கிற ஒரு பாட்டியை.

பாட்டியிடம் என்ன சொல்வது

‘வரமாட்டேன்’ என்று சொல்லத் தேவையில்லை. “பாட்டி, திங்கட்கிழமை காலை மருத்துவரிடம் காட்டிவிட்டு, சாயங்காலம் அந்தப் பெரியவரிடம் போவோம், நீங்களும் வாருங்கள்” என்று சொல்லுங்கள். பாலைக் காய்ச்சுவதற்கும் குட்டியை விடுவதற்கும் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள். வயிற்றுப் பிள்ளைக்காக மருத்துவர் கண்டித்தார் என்றால் எந்த ஊர்ப் பாட்டியும் கேட்பார். கணவரையும் வண்டி ஓட்டக் கூப்பிடுங்கள். வெளியே காரில் உட்கார்ந்திருந்தாலும் போதும்.

திங்கட்கிழமைக்கு முன் மகனுக்குக் காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் நெற்றிக்கும் கண்ணிமைக்கும் இறங்கினாலோ காத்திருக்காமல் அன்றிரவே இரவு நேர மருத்துவச் சேவையை அழையுங்கள். மருத்துவரிடம் போகும்போது களிம்புக் குழாயையும், கொட்டகையில் கன்றின் முகத்தை எடுத்த ஒரு படத்தையும் கொண்டுபோங்கள். மாடு பார்க்காத இளம் மருத்துவராக இருந்தால் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கத்தி எடுத்துவிடக் கூடும். அந்தப் படத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வார்.

சாயங்காலம் பெரியவரின் வீட்டிலிருந்து கிளம்பும்போது நன்றி சொல்லிவிடாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு அது வாயில் தானாக வந்துவிடும். போகும் வழியிலேயே மகனிடம் சொல்லிவையுங்கள்.